அக்டோபர் சூட்டில் இரைப்பூச்சிகளுக்குக் கடற்பாசி

மும்பையிலிருந்து பருவமழை விலகும் வழக்கமான நாள் அக்டோபர் 8. அதன்பின் காற்று ஓய்ந்து வெயில் ஏறும். டிராம்பேயில், அதிலும் சீத்தா கேம்ப்பின் தகரக் கூரை மாடி அறைகளில், மதியம் உட்கார முடியாது. பியர்டட் டிராகன், லெப்பர்ட் கெக்கோ வளர்ப்பவர்கள் பல்லிக்கு என்ன ஆகுமோ என்று பதறுகிறார்கள். இரைக்காக டப்பாவில் வைத்திருக்கும் கிரிக்கெட் பூச்சியும் டுபியா கரப்பானும் அதற்குள் தாகத்தில் செத்துவிடுகின்றன. லெப்பர்ட் கெக்கோ போன்ற வறண்ட நிலத்துப் பல்லிக்கு நீரின் பெரும்பகுதி இரையின் உடம்பிலிருந்துதான் வர வேண்டும். பூச்சி காய்ந்தால் பல்லியும் காயும்.

கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் கிரிக்கெட் விழுந்து சாகும். ஈரப் பஞ்சு சீக்கிரம் நாறும். ஜெல்தான் வழி, ஆனால் ஜெலட்டின் வாங்காதீர்கள். 30 டிகிரியைத் தாண்டினால் அது இளகிவிடும். காலையில் கட்டியாக வைத்தது மதியம் குழம்பாகி, குஞ்சுப் பூச்சிகள் ஒட்டிக்கொண்டு சாகும். நோன்பு மாதத்தில் தமிழ் முஸ்லிம் வீடுகளில் காய்ச்சும் கடற்பாசி, அதாவது சைனா கிராஸ், அப்படியல்ல. ஒருமுறை உறைந்தால் 85 டிகிரி அளவுக்குச் சூடேறினால்தான் உருகும். ராமநாதபுரம் கரையில் பெண்கள் கடலில் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் இது எடுக்கப்படுகிறது.

அரை லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் போதும். இழைகளை அரை மணி நேரம் ஊறவைத்து, ஓர் இழைகூடக் கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை கொதிக்கவிடுங்கள். கரையாத இழை இருந்தால் ஜெல் திட்டுத்திட்டாக உறையும். பாலும் சர்க்கரையும் வேண்டாம். இறக்கியபின், கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று முன்பே, அரைத்த கேரட்டும் முருங்கைக்கீரையும் கலந்து தட்டில் ஊற்றுங்கள். அதற்கும் ஆறவிட்டால் கலக்கும்போதே உறைந்துவிடும். பாலக் கீரை கூடாது, அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும். முருங்கைக்கீரையை நன்றாக அலசுங்கள். மிச்சமிருக்கும் பூச்சிமருந்து டப்பாவையே காலி செய்துவிடும்.

கிரிக்கெட்டின் உடம்பில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. அதனால் ஜெல்லில் ஒரு பகுதியைத் தனியாக எடுத்து, பாஸ்பரஸ் இல்லாத கால்சியம் தூளைக் கலந்துவையுங்கள். பல்லிக்குப் போடப்போகும் பூச்சிகளுக்கு மட்டும், ஒன்றிரண்டு நாள் முன்னதாக அதைக் கொடுங்கள். முட்டையிட வைத்திருப்பவற்றுக்கு அது நாள்பட ஆகாது. பூச்சிமேல் தூள் தூவிக் கொடுக்கும் வழக்கத்தையும் விடாதீர்கள்.

நகம் அளவுத் துண்டுகளை பாட்டில் மூடியில் வைத்து, தினமும் மாற்றுங்கள். தவிட்டில் வளரும் மீல்வார்முக்கு ஒரு துண்டு, சில மணி நேரம், அவ்வளவுதான். தவிடு நனைந்தால் பூஞ்சையும் சிற்றுண்ணியும் ஏறும். மீதியை மூடி போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஃபிரீசரில் வைத்தால் ஜெல் உடைந்து தண்ணீர் கசியும். பார்க்க இனிப்புக் கடற்பாசி போலவே இருக்கும், அதனால் டப்பாமேல் எழுதி ஒட்டுங்கள்.

எறும்பு வரும். பூச்சி டப்பாவைத் தண்ணீர்த் தட்டின் நடுவே உயர்த்தி வையுங்கள். கொசுவுக்குப் புகை அடிக்கும் மாதமும் இதுதான். வண்டிச் சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்தி, டப்பாமேல் ஈரத்துணி போர்த்துங்கள். புகை அடங்கியதும் எடுத்துவிடுங்கள். உள்ளே வைத்திருந்த ஜெல்லைக் கொட்டிவிட்டுப் புதிதாக வையுங்கள். கொசுவைக் கொல்லும் அந்த மருந்துக்குக் கிரிக்கெட்டும் தப்பாது.