நேர்காணலன்று புதுச் சட்டை வேண்டாம்

நேர்காணலுக்குத் தேதி குறித்ததும் பல வீடுகளில் முதலில் கிளம்புவது ஜவுளிக்கடைக்குத்தான். வாங்குங்கள், தவறில்லை. ஆனால் வாங்கிய சட்டையை நேர்காணலன்று காலையில்தான் முதன்முதலாகப் போடுவது என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

உடை மாறினால் மனமும் மாறும் என்பதற்கு அடிக்கடி காட்டப்படும் ஆய்வு 2012இல் அமெரிக்காவில் வெளியானது. ஹாஜோ ஆடம், ஆடம் கலின்ஸ்கி இருவரும் ஒரே வெள்ளைக் கோட்டைச் சிலரிடம் டாக்டர் கோட் என்றும், வேறு சிலரிடம் ஓவியர் கோட் என்றும் சொல்லிப் போடவைத்தார்கள். டாக்டர் கோட் என்று நினைத்தவர்கள் படங்களுக்கிடையே உள்ள வித்தியாசங்களைக் கூடுதலாகக் கண்டுபிடித்தார்கள். அதே ஆய்வின் வேறொரு சோதனையைப் பின்னர் பெரிய அளவில் செய்துபார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதனால், கோட் போட்டாலே தன்னம்பிக்கை வந்துவிடும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

நம் பிள்ளைகளுக்கு அதைவிடப் பயன்படுவது பார்பரா ஃப்ரெட்ரிக்சன் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வு. தனியறையில் நீச்சலுடை அணிந்து கணக்குப் போட்ட பெண்கள், ஸ்வெட்டர் அணிந்தவர்களைவிடக் குறைவான மதிப்பெண்தான் எடுத்தார்கள். பார்க்க ஆளே இல்லாதபோதும் கவனத்தில் ஒரு பங்கு உடம்பின் மேலேயே இருந்துவிடுகிறது. கழுத்தை இறுக்கும் காலரும் அப்படித்தான் கவனத்தைத் தின்னும்.

எனவே கண்ணாடி முன் நின்று மட்டும் பார்க்காதீர்கள், உட்கார்ந்து பாருங்கள். நேர்காணல் முழுக்க உட்கார்ந்துதான் நடக்கும். நிற்கும்போது சரியாக இருக்கும் பேன்ட் உட்கார்ந்ததும் வயிற்றைப் பிடிக்கும். மேல் பொத்தானைப் போட்டபின் காலருக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். புதுச் சட்டையை ஒருமுறை துவைத்து இஸ்திரி போடுங்கள். விறைப்பும் மடிப்புக் கோடும் போய்விடும். பஸ்ஸில் போகிறவர்கள் வெளிர் நீலத்தையும் சாம்பல் நிறத்தையும் தவிர்ப்பது நல்லது, அக்குள் வியர்வை அப்படியே தெரியும். வெள்ளைப் பருத்திச் சட்டை நம் வெயிலுக்குத் தோதானது. புது ஷூவை முன்கூட்டியே சில நாள் மாலையில் போட்டு நடந்து பழக்குங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. புடவை கட்டினால்தான் மரியாதை என்று வீட்டில் சொல்வார்கள். தினமும் கட்டிப் பழகியவர் என்றால் தாராளமாகக் கட்டுங்கள். ஆண்டுவிழாவுக்கு மட்டும் கட்டியவர் என்றால், கேள்வி கேட்கும்போது உங்கள் கை கொசுவத்தைத் தேடும். சுடிதாரில் துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்திக்கொண்டு போங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பெற்றோர் இதில் பிடிவாதம் பிடிக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

நீட் எழுதப்போகும் மாணவர்களுக்கும் இது பொருந்தும். அங்கே முழுக்கைச் சட்டையும் ஷூவும் கூடாது என்பது தெரிந்த விதிதான். கடைசி மாதத்து மாதிரித் தேர்வுகளை அரைக்கைச் சட்டை, செருப்போடு, தேர்வு நடக்கும் அதே மதிய நேரத்தில் எழுதிப் பழகுங்கள்.