சோற்றோடு என்ன சேர்கிறது?



வியாசர்பாடி, கண்ணகி நகர் போன்ற சென்னையின் எளியோர் குடியிருப்புகளில் இன்று பெரும்பாலான வீடுகளில் அரிசிக்குப் பஞ்சமில்லை. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு ரேஷன் அரிசி இலவசம். குறை, அந்தச் சோற்றோடு சேர வேண்டியவற்றில்தான். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருந்தது.

இதற்கு அறியாமையைக் காரணம் சொல்வது அநியாயம். வீட்டு வேலைக்குப் போகும் பெண் விடியலிலேயே கிளம்பியாக வேண்டும். லாரித் தண்ணீர் வரும் தெருவில் அதற்கு முன்பே குடத்தோடு நிற்க வேண்டும். ஒற்றை அறை வீட்டில், ஃபிரிட்ஜ் இல்லாமல், காய்கறி வாங்கி வைக்க வழியில்லை. அன்றன்றைக்குக் கூறு கட்டி விற்பதைத்தான் வாங்க முடியும். ஒரு கட்டு முளைக்கீரையை ஆய்ந்து, மண் போக மூன்று தண்ணீரில் அலசி, நறுக்கிக் கடைவதற்குள் வேலைக்குப் போகும் பஸ் போய்விடும். பிள்ளை அழுதால் பெட்டிக்கடையில் தொங்கும் ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட் உடனே கைக்கு வருகிறது.

கையிலிருக்கும் காசுக்குள்ளும் நல்ல உணவுக்கு இடமுண்டு. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். வேர்க்கடலை 100 கிராமில் ஏறக்குறைய 25 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம். நெத்திலிக் கருவாட்டை முள்ளோடு தின்பதால் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கும். உப்புப் போக ஊறவைத்துக் கழுவிச் சமைப்பது அவசியம். கீரையிலுள்ள இரும்புச்சத்து உடலில் எளிதில் சேராது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும்.

ஆனாலும் தனித்தனி அடுப்பில் மட்டும் இது தீராது. பொது அடுப்புதான் பெரிய துணை என்பதற்கு இந்த ஊரின் வரலாறே சாட்சி. 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிட்டி தியாகராயர் முயற்சியால் மதிய உணவு தொடங்கியது. 1956இல் காமராஜர் அதை மாநிலமெங்கும் கொண்டு சென்றார், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக விரித்தார். பிறகு முட்டை சேர்ந்தது. 2022இல் காலை உணவும் வந்தது. பள்ளிக்கு வெளியே, 2013இல் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். அந்தத் தட்டில் கீரைப் பொரியலும் முட்டையும் சேர வேண்டும். அடுத்த படி அதுவே.

அரசுப் பள்ளிப் பிள்ளைக்குச் சாப்பாடு உறுதி. விடுபடுபவர்கள் கைக்குழந்தையும், எல்லாரும் உண்டபின் மிச்சத்தை உண்ணும் தாயும். 6 மாதம் முதலான குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும் அங்கன்வாடியில் சத்துமாவு இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் தெருவில் பெயர் பதியாத வீடு இருந்தால், அங்கன்வாடி ஊழியரிடம் அழைத்துப் போய்ப் பதிய வையுங்கள்.