செம்பாசியின் இனமறிதல்: பெயரும் பொருளாதாரமும்

மன்னார் வளைகுடாக் கரையில் பாசி எடுக்கும் பெண்கள் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று கைபட்ட மாத்திரத்தில் பிரித்துவிடுகின்றனர். முதல் இரண்டும் அகார் தரும் செம்பாசிகள். மூன்றாவது பழுப்புப் பாசி. ஆலைக்கு அனுப்பும் சரக்கைத் தரம் பிரிக்க இவ்வறிவு போதும். ஆனால் பாசியைப் பயிராகவே வளர்த்து வருவாய் ஈட்ட முற்படும்போது விதை எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதை ஐயமின்றி அறிய வேண்டியதாகிறது.

இது எளிய காரியம் அன்று. ஒரே இனச் செம்பாசி அலை மோதும் பாறையில் குட்டையாகவும், அமைதியான நீரில் நீண்டும் வளரக்கூடும். வெயிலின் அளவுக்கேற்ப நிறமும் மாறும். இதற்கு மாறாக, வெவ்வேறு இனங்கள் தோற்றத்தில் ஒன்றுபோலவே இருப்பதும் உண்டு. மேலும், செம்பாசிகளின் வாழ்க்கை பல பருவங்களைக் கொண்டது. ஒரு பருவத்தின் உருவம் மற்றொன்றைச் சிறிதும் ஒத்திராமல் போகலாம். ஜப்பானியர் உண்ணும் நோரிப் பாசியின் வரலாறு இதற்குத் தக்க சான்று. சிப்பி ஓடுகளைத் துளைத்து வாழும் இளஞ்சிவப்பு இழைப்பாசி ஒன்றைத் தாவரவியலார் தனி இனமாகக் கருதி, தனிப் பெயரும் இட்டிருந்தனர். அது நோரி வகைப் பாசியின் ஒரு பருவமே என்பதை 1949இல் இங்கிலாந்தின் கேத்லீன் ட்ரூ அம்மையார் மெய்ப்பித்தார். அதுவரை விதை எங்கிருந்து வருகிறது என்பதே அறியாமல் இயற்கையை நம்பியிருந்த ஜப்பானிய விவசாயிகள், இதன் பின்னரே சிப்பி ஓட்டில் விதை தயாரிக்கக் கற்றனர். அவருக்கு 1963இல் அந்நாட்டு மக்கள் நினைவுச்சின்னம் எழுப்பினர். பெயர்த் திருத்தம் ஒன்று ஒரு தொழிலையே நிலைநிறுத்தியது எனலாம்.

உருவத்தால் தீராத ஐயத்தைத் தீர்க்க இன்று மரபணு உதவுகிறது. பாசியின் சிறு துண்டிலிருந்து டி.என்.ஏ. பிரித்தெடுக்கப்படுகிறது. அதில் குறிப்பிட்ட ஒரு பகுதி மட்டும் பலகோடி மடங்கு பெருக்கப்பட்டு, அதன் எழுத்து வரிசை படிக்கப்படுகிறது. செம்பாசிகளுக்குப் பெரும்பாலும் பசுங்கணிகத்திலுள்ள ஆர்.பி.சி.எல். மரபணுவும், இழைமணியிலுள்ள காக்ஸ்-1 மரபணுவின் ஏறத்தாழ 660 எழுத்துகள் கொண்ட பகுதியும் பயன்படுகின்றன. கிடைத்த வரிசையை, முன்னரே அறியப்பட்ட இனங்களின் வரிசைகளோடு ஒப்பிடுகின்றனர். ஓர் இனத்திற்குள் காணப்படும் வேறுபாட்டைவிட இடைவெளி தெளிவாக மிகுந்திருந்தால் அது வேற்றினம். எனினும், மரபணு மட்டும் தீர்ப்பளித்துவிடுவதில்லை. நுண்ணோக்கியில் காணும் உடலமைப்பும் சேர்த்து விவரிக்கப்பட்டு, மாதிரிப் பொருள் உலர்தாவரத் தொகுப்பில் வைக்கப்பட்ட பின்னரே புதிய பெயர் ஏற்கப்படும்.

இம்முறையில் 2022இல் இந்தியக் கரையிலிருந்தே இரு புதிய செம்பாசிகள் விவரிக்கப்பட்டன. பாட்டிண்டாவிலுள்ள பஞ்சாப் மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஃபெலிக்ஸ் பாஸ்ட் குழுவினர் கண்டறிந்த ஹிப்னியா இண்டிகா, கன்னியாகுமரியிலும், குஜராத்தின் சோமநாத் பாட்டன், சிவராஜ்பூர் ஆகிய இடங்களிலும் கிடைத்தது. ஹிப்னியா புல்லாட்டா கன்னியாகுமரியிலும் டையூவிலும் கிடைத்தது. உடலில் கொப்புளம் போன்ற புடைப்புகள் இருந்தமையால் அப்பெயர். கடலே இல்லாத மாநிலத்தின் பல்கலைக்கழகம் குமரிமுனைப் பாறையின் பாசிக்குப் பெயரிட்டது கருதத்தக்கது. ஹிப்னியா வகைகள் காரகீனன் தருபவை. உணவு, மருந்து, அழகுப்பொருள் தொழில்களில் அதன் தேவை பெரிது.

காரகீனன் வாணிபத்தில் பெயர்க் குழப்பம் பழைய நோய். கெட்டியான கூழ் தரும் கப்பா வகைக்கும் இளகிய கூழ் தரும் அயோட்டா வகைக்கும் பயன்கள் வெவ்வேறு. கப்பா வகை தரும் கப்பாஃபைகஸ் பாசி அறிவியலில் பெயர் மாறிய பின்னும் சந்தையில் பழைய 'காட்டனை' என்ற பெயரிலேயே விற்கிறது. இந்தப் பாசி நம் நாட்டுக்கு உரியதன்று. 1984இல் ஜப்பானிலிருந்து மத்திய உப்பு மற்றும் கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிறுவனம் தருவித்தது. பின்னர் இராமநாதபுரம் மாவட்டத்தில் பல மீனவப் பெண்களுக்கு இது பிழைப்பாயிற்று. ஆயினும் குருசடைத் தீவின் பவளப்பாறைகளில் இது படர்ந்துள்ளதாக 2008இல் ஆய்வாளர்கள் எச்சரித்தனர். தருவிக்கும் விதையின் இனமும் வழியும் தெரியாவிடில் பயிருக்கும் பகைக்கும் வேறுபாடு காண இயலாது. உயிருள்ள கடற்பாசி இறக்குமதிக்கு மத்திய அரசு 2024இல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டதன் தேவை இதனால் விளங்கும்.

மீன்வளத் திட்டத்தில் கடற்பாசிக்கு ரூ. 640 கோடி ஒதுக்கப்பட்டது. வலமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டது. நாற்றும் கயிறும் மிதவையும் வாங்கும் செலவோடு ஒப்பிட, ஒரு விதையின் மரபணு வரிசையைப் படிக்கும் செலவு மிகச் சிறிது. அதற்குக் கடற்கரையும் தேவையில்லை. கடலில்லாப் புணேயில் தேசிய உயிரணு அறிவியல் மையம் நுண்ணுயிர்களை மரபணு வரிசையால் இனங்கண்டு வருகிறது. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் மேற்கு வட்டார மையமும் அதன் உலர்தாவரத் தொகுப்பும் அதே நகரில் உள்ளன. கொங்கணக் கரையின் பாசிகளைப் புணேயிலும், மன்னார் வளைகுடாப் பாசிகளை மண்டபத்திலும் வரிசைப்படுத்தி, ஒரே பொதுப் பதிவேட்டில் சேர்ப்பதற்குப் புதிய நிறுவனம் எதுவும் வேண்டுவதில்லை.