பச்சை மனிதனுக்கு எத்தனை விநாடி?

மாணவர்களே, சாலையைக் கடக்கும்போது பச்சை மனிதனுக்குப் பக்கத்தில் எண்கள் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண்களை யாரும் மனம்போன போக்கில் வைப்பதில்லை. நீங்கள் பள்ளியில் படிக்கும் சூத்திரம்தான் அதற்கு அடிப்படை: நேரம் = தூரம் ÷ வேகம்.

நடப்பவரின் கணக்கு

நான்கு தடங்கள் உள்ள சாலையின் அகலம் 14 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் அதை ஏறத்தாழ 12 விநாடியில் கடந்துவிடுவார். விநாடிக்கு 0.8 மீட்டர் மட்டுமே நடக்க முடிந்த தாத்தாவுக்கு 17.5 விநாடி வேண்டும். 12 விநாடியில் விளக்கு மாறிவிட்டால், அவருக்கு இன்னும் 4.4 மீட்டர், அதாவது ஒரு தடத்துக்கும் மேல், பாக்கி இருக்கும்.

எல்லா நேரமும் விளக்கை நீட்டினால் வாகனங்கள் தேங்கும். இதற்குத் தீர்வாக, சிங்கப்பூரில் 2009ஆம் ஆண்டு ‘கிரீன் மேன் பிளஸ்’ அறிமுகமானது. மூத்தோர் தங்கள் சலுகை அட்டையைக் கம்பத்திலுள்ள கருவியில் தட்டினால், சாலையின் அகலத்துக்கு ஏற்ப 3 முதல் 13 விநாடி வரை கூடுதலாகக் கிடைக்கும். தேவைப்படுபவர் வரும்போது மட்டும் நேரம் நீளும்.

வாகனத்தின் கணக்கு

ஓட்டுநர் ஒருவரைக் கண்டதும் கார் உடனே நின்றுவிடாது. அவர் பிரேக்கை மிதிக்க ஏறத்தாழ 1.5 விநாடி ஆகும் என்று கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் கார் 21 மீட்டர் ஓடிவிடும். காய்ந்த சாலையில் பிரேக் பிடித்து நிற்க மேலும் 14 மீட்டர். மொத்தம் 35 மீட்டர். வேகம் 30 கிலோமீட்டராக இருந்தால் மொத்தமே 18 மீட்டருக்குள் அடங்கிவிடும். மழை நாளில் இந்தத் தூரங்கள் இன்னும் கூடும்.

ஆகவே, கடக்கும் இடத்தை ஓட்டுநர் தூரத்திலிருந்தே காண வேண்டும். வளைவுக்குப் பின்னாலோ, நிற்கும் பேருந்து மறைக்கும் இடத்திலோ அது அமைந்தால், வெள்ளைக் கோடுகள் மட்டும் காப்பாற்றாது.

எந்த இடத்துக்கு எது?

குறுகலான, வேகம் குறைந்த சாலைக்கு வரிக்குதிரைக் கடப்பு போதும். அகலமான, வாகனம் மிகுந்த சாலைக்குச் சமிக்ஞை விளக்கு தேவை. மேம்பாலம் மனிதரையும் வாகனத்தையும் முழுமையாகப் பிரித்துவிடுகிறது. அப்படியென்றால் எல்லா இடத்திலும் மேம்பாலம் கட்டிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். முழங்கால் வலி உள்ளவருக்கு அந்தப் படிகள் மலைபோலத் தெரியும். அவசரத்தில் இருப்பவரோ பாலத்துக்குக் கீழேயே ஓடப் பார்ப்பார். பலர் பயன்படுத்தாத பாலத்தால் என்ன பாதுகாப்பு? இதனால்தான் சிங்கப்பூரில் பல மேம்பாலங்களுக்கு மின்தூக்கிகள் பொருத்தப்பட்டன.

மூத்தோர் அதிகம் வாழும் வட்டாரங்களில் 2014 முதல் ‘சில்வர் ஸோன்’ திட்டம் நடப்பில் உள்ளது. அங்கு வேக வரம்பு குறைக்கப்படுகிறது. சாலை நடுவே நின்று இளைப்பாறத் திட்டும் அமைக்கப்படுகிறது. 14 மீட்டர் அப்போது இரண்டு 7 மீட்டராகிவிடும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் வரும் வாகனங்களை மட்டும் கவனித்தால் போதும்.

செய்து பாருங்கள்

வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் 10 மீட்டர் அளந்துகொள்ளுங்கள். நீங்களும் உங்கள் தாத்தா அல்லது பாட்டியும் வழக்கமான வேகத்தில் நடந்து, நேரத்தைக் குறியுங்கள். பிறகு, வீட்டருகே உள்ள சாலையில் எத்தனை தடங்கள் என்று நடைபாதையில் நின்றே எண்ணி, ஒரு தடத்துக்கு 3.5 மீட்டர் வீதம் அகலத்தைக் கணக்கிடுங்கள். அதைக் கடக்க இருவருக்கும் எத்தனை விநாடி வேண்டும்? அங்குள்ள பச்சை மனிதன் உங்கள் பாட்டிக்கும் போதுமான நேரம் தருகிறானா?