படகுத் துருவும் வீடு வந்து சேரும் தூசியும்

நெருஞ்சிப்பேட்டை, பூலாம்பட்டிக்கு இடையே காவிரியைக் கடக்கும் விசைப்படகுகள் போன்றவற்றில் கிரைண்டரால் துரு நீக்கும்போது பழைய பெயின்ட்டும் பொடியாகிறது. துருவைவிட அப்பெயின்ட்டிலிருக்கக்கூடிய ஈயத்திற்கே நாங்கள் அஞ்சுகிறோம். 2017 நவம்பர் முதல் ஈயத்திற்குப் பத்து லட்சத்தில் 90 பங்கு என்னும் வரம்பு உண்டு. அது வீட்டு, அலங்காரப் பெயின்ட்டுகளுக்கு மட்டுமே.

முகத்தில் கட்டும் துண்டு நுண்தூசியைத் தடுக்காது. இறுகப் பொருந்தும், வடிகட்டியுள்ள முகக்கவசம் வேண்டும். கருவியோடு தூசி உறிஞ்சியை இணைப்பது நன்று. இயலாவிடில் நனைத்துக் கையால் சுரண்டலாம். ஈரத்தில் மின்கருவி கூடவே கூடாது.

வேலை உடையோடு குழந்தையைத் தூக்காதீர்கள். அவ்வுடையை உதறாமல் தனியே துவையுங்கள். ஓயாத வயிற்றுவலியோ சோர்வோ இருப்பின், தொழிலைக் கூறி, இரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதிக்குமாறு மருத்துவரிடம் கேளுங்கள்.