ரிக்வெஸ்ட் மதிப்பை இன்ஜெக்ட் செய்யும்போது...

கேள்வி: சிடிஐ பயன்படுத்தும் ஜாவா வெப் அப்ளிகேஷன் எங்களுடையது. எந்த கிளாஸைத் திறந்தாலும் ரிக்வெஸ்டைப் பிடித்து 'கெட்பாராமீட்டர்' என்று எழுத வேண்டியிருக்கிறது. '@எச்டிடிபிபாராம்' என்று சொந்தமாக ஒரு அனோட்டேஷன் வைத்து, மதிப்பை நேரே ஃபீல்டில் வாங்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். முதலில் அந்த அனோட்டேஷனை குவாலிஃபையராக அறிவித்து, ரிட்டென்ஷனை ரன்டைம் என்று வையுங்கள். பாராமீட்டரின் பெயரைத் தாங்கும் 'வேல்யூ'வுக்கு '@நான்பைண்டிங்' போட மறக்காதீர்கள். அது இல்லையென்றால், 'பேஜ்' என்று கேட்கும் ஃபீல்டும் வெற்றுப் பெயருள்ள புரொடியூசரும் பொருந்தாமல், டிப்ளாய் செய்யும்போதே எரர் வரும்.

அடுத்தது புரொடியூசர் மெத்தட். 'இன்ஜெக்‌ஷன்பாயின்ட்', 'எச்டிடிபிசர்வ்லெட்ரிக்வெஸ்ட்' இரண்டையும் அதன் ஆர்குமென்ட்டாக வையுங்கள். எந்தப் பெயர் கேட்கப்படுகிறது என்பதை முன்னது சொல்லும். அதற்குரிய மதிப்பைப் பின்னதிலிருந்து எடுத்துத் திருப்பலாம். 2013இல் வந்த சிடிஐ 1.1 முதல் ரிக்வெஸ்டை கன்டெய்னரே தந்துவிடுகிறது.

எண் வேண்டுமென்றால் இன்டிஜருக்குத் தனி புரொடியூசர் எழுதுங்கள். ஃபீல்டை மட்டும் 'இன்ட்' என்று வைக்காதீர்கள். பாராமீட்டர் வராமல் புரொடியூசர் 'நல்' திருப்பினால், சிடிஐ சத்தமில்லாமல் அங்கே 0 போட்டுவிடும். பயனர் 0 அனுப்பினாரா, ஒன்றுமே அனுப்பவில்லையா என்று பிறகு பிரித்தறிய முடியாது.

இனிதான் கவனம் தேவை. இன்ஜெக்‌ஷன்பாயின்ட்டைக் கேட்கும் புரொடியூசர் டிபென்டென்ட் ஸ்கோப்பில்தான் இருக்க முடியும். ஆகவே பீன் உருவாகும்போது ஒரே ஒருமுறைதான் மதிப்பு உள்ளே போகும். அந்த பீன் அப்ளிகேஷன்ஸ்கோப்டாக இருந்தால், முதலில் வந்தவரின் மதிப்பே அடுத்து வரும் எல்லோருக்கும் போகும். பாராமீட்டர் வாடிக்கையாளர் எண் என்றால், ஒருவர் பில்லை இன்னொருவர் பார்ப்பார். ஒரே மதிப்பை வைத்தே சோதித்தால் இது வெளியே தெரியாது. சர்வரை நிறுத்தாமல், வெவ்வேறு மதிப்புகளுடன் இரண்டு ரிக்வெஸ்ட் அனுப்பிப் பாருங்கள்.

எனவே இந்த அனோட்டேஷனை ரிக்வெஸ்ட்ஸ்கோப்ட் பீன்களுக்குள் மட்டும் பயன்படுத்துங்கள். சர்வீஸ் கிளாஸ்களுக்கு மதிப்பை மெத்தட் ஆர்குமென்ட்டாகவே அனுப்புங்கள். வெப் ரிக்வெஸ்ட் எதுவும் இல்லாமலே அவற்றுக்கு யூனிட் டெஸ்ட் எழுதலாம் என்பது கூடுதல் லாபம்.

ஸ்ப்ரிங் எம்விசி பயன்படுத்துபவர்கள் இதே வேலைக்கு 'ஹேண்ட்லர்மெத்தட்ஆர்குமென்ட்ரிசால்வர்' எழுதலாம். அங்கே மதிப்பு கன்ட்ரோலர் மெத்தடின் ஆர்குமென்ட்டாக ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் புதிதாக வருவதால், அதை நீங்களாக ஒரு ஃபீல்டில் சேமிக்காதவரை இந்தச் சிக்கல் இல்லை.