எஃகு மறக்காத எண்

மம்சாபுரத்தில் ஒருவர் பழைய டிராக்டர் வாங்குகிறார். வண்டிக்குப் புது வர்ணம் அடித்திருக்கிறது. அது திருட்டு வண்டி அல்ல என்று எப்படி அறிவது? ‘சேசிஸ்’ எனப்படும் அடிச்சட்டத்தில் பொறித்துள்ள எண்ணைப் பதிவுச் சான்றுடன் ஒப்பிட வேண்டும். உலகின் விலையுயர்ந்த கார்களுக்கும் இதே சோதனைதான்!

இத்தாலியின் ஃபெராரி நிறுவனம் 1962 முதல் 1964 வரை 250 ஜி.டி.ஓ. என்னும் பந்தயக் காரைச் செய்தது. உருவானவை 36 மட்டுமே. அவற்றுள் 3413 என்ற எண்ணுடைய கார், 2018இல் அமெரிக்காவில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அதன் மேற்கூடு 1964இல் மாற்றப்பட்டது. ஆயினும் கார் அதுவேதான். ஏன்? அடிச்சட்டமும் எஞ்சினும் பழையவை. எந்தப் பந்தயத்தில் யார் ஓட்டினார் என்ற பதிவுகளும் அந்த எண்ணோடு தொடர்ந்து வருகின்றன.

சரி, எண்ணை அரத்தால் தேய்த்துவிட்டால்? எஃகு நுண்ணிய படிகங்களால் ஆனது. அச்சை ஓங்கி அடிக்கும்போது, எண்ணுக்கு அடியிலுள்ள படிகங்களும் நசுங்குகின்றன. மேற்பரப்பைத் தேய்த்தாலும் அந்த நசுங்கல் எஞ்சும். தடய அறிவியலார் அவ்விடத்தை வழவழப்பாக்கி, தக்க அமிலக் கரைசலைத் தடவுவர். நசுங்கிய பகுதியை அமிலம் வேறு விதமாக அரிக்கும். மறைந்த எண் மங்கலாகத் தெரியும்! மிக ஆழமாகத் தேய்த்திருந்தால் மட்டும் இம்முறை பயன்படாது.

மாணவர்களே, உங்கள் சைக்கிள் சட்டத்திலும் எண் இருக்கும். தேடிப் பார்த்துக் குறித்து வையுங்கள். சைக்கிள் காணாமற் போனால் அந்த எண்ணே சாட்சி சொல்லும்.